உதாருக்கும் ஒரு கணக்கு உண்டு

மூணு சீட்டில் 'பிளைண்ட்' ஆடுபவரின் முகத்தில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் தன் சீட்டை இன்னும் எடுத்தே பார்க்கவில்லை. எதிரே கவிழ்ந்து கிடக்கும் மூன்றும் என்னவென்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனாலும் காசை எடுத்து நடுவில் போடுகிறார். சீட்டைப் பார்த்துவிட்ட நாம் அதைப்போல் இரண்டு மடங்கு போட்டால்தான் ஆட்டத்தில் நீடிக்கலாம். மறைப்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. அதனால் அவர் முகம் எதையும் காட்டிக்கொடுக்காது. வியர்ப்பதெல்லாம் சீட்டைப் பார்த்தவருக்குத்தான்.

எனக்கு 20 வயதிருக்கும்போது ஒரு கல்யாண வீட்டு மொட்டைமாடியில், ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, சித்தப்பா ஒருவரின் முகத்தைப் படித்துவிட்டதாக நம்பி 400 ரூபாய் தோற்றேன். சீட்டைப் பார்த்ததும் அவர் உதட்டை மடித்தார், பெருமூச்சு விட்டார், சுவரில் சாய்ந்துகொண்டார். கை மோசம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. என்னிடம் ராணி ஜோடி. கடைசியில் ஷோ கேட்டபோது அவர் விரித்து வைத்தது மூன்று எட்டு. "என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தியேடா, நான் காச எப்படிப் போட்டேன்னு ஒரு தடவையாவது பாத்தியா?" என்றார். அன்றைக்கு அது கேலியாகப் பட்டது. பல ஆண்டுகள் கழித்து இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், கடந்த நூறாண்டில் கணிதமும் உளவியலும் கணினியும் அந்தக் கேள்வியையே வேறு வேறு வழியில் கேட்டிருக்கின்றன என்று புரிந்தது.

முகம் உள்ளத்தைக் காட்டும் என்ற நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71-ஆம் அதிகாரம் அரசனருகே இருப்பவருக்கு, 110-ஆம் அதிகாரம் காதலருக்கு. முதலாவது, முகத்தைப் பளிங்குக்கே ஒப்பிடுகிறது. ஆனால் அரசனோ காதலியோ தன் முகத்தைப் பொய்யாக்குவதையே வேலையாகக் கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. சீட்டாடுபவரின் வேலையே அதுதான். சூதுக்கு வள்ளுவர் தனியாக 94-ஆம் அதிகாரம் வைத்திருக்கிறார். அங்கே முகத்தைப் படிப்பது பற்றிய பேச்சு இல்லை.

உதார் விடுவதைக் கணக்காகப் பார்த்தவர்களில் முன்னோடிகள் பிரான்சின் எமில் பொரேலும் ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நாய்மனும். வான் நாய்மன் 1928-இல் வெளியிட்ட கட்டுரைதான் விளையாட்டுக் கோட்பாட்டின் அடித்தளம். 1944-இல் பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய பெருநூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். உதார் விடுவதற்கு இரண்டு காரணங்களை அந்த நூல் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது, பலவீனமான கையைப் பலமாகக் காட்டி எதிராளியை விரட்டுவது. எல்லாரும் அறிந்தது இது. இரண்டாவதுதான் ஆழமானது. அவ்வப்போது உதார் விட்டுப் பிடிபடுபவர் உண்மையிலேயே நல்ல கை வைத்திருக்கும்போதும் எதிராளி நம்ப மாட்டார், காசு போட்டுப் பார்ப்பார். ஒருபோதும் உதார் விடாதவர் காசைத் தொட்ட உடனே மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். அவருடைய நல்ல கைகள் எல்லாம் வீணாகும். ஆகவே பிடிபட்ட உதாரும் நட்டமில்லை. அடுத்த நல்ல கைக்குப் போட்ட விதை அது.

வான் நாய்மனின் கணக்கிலிருந்து வந்த இன்னொரு முடிவு, ஆடத் தெரிந்தவர்களையும் யோசிக்க வைப்பது. உதாருக்கு ஏற்றது ஆகக் கடைசியான கை. நடுத்தரமான கையை அதற்குச் செலவழிக்கக் கூடாது. நடுத்தரக் கை சும்மா இருந்தாலே சில சமயம் ஜெயிக்கும். அதை வைத்து மிரட்டினால், நம்மைவிட மோசமான கை ஓடிவிடும், நல்ல கை நின்று அடிக்கும். ஒன்றுக்கும் உதவாத கைக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை.

இதை மூன்றே சீட்டில் செய்து பார்க்கலாம். ஹெரால்ட் கூன் என்ற கணித அறிஞர் 1950-இல் அமைத்த குட்டி ஆட்டம் அது. ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய மூன்று சீட்டுகளை மட்டும் கலைத்து, இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். மூன்றாவது கவிழ்ந்தே கிடக்கும். நடுவில் ஆளுக்கு ஒரு காசு. முதல் ஆள் இன்னொரு காசு போடலாம், அல்லது சும்மா விடலாம். அவர் சும்மா விட்டால் இரண்டாம் ஆளுக்கு அந்த வாய்ப்பு. ஒருவர் போட்டால் மற்றவர் ஒரு காசு கொடுத்துச் சீட்டைப் பார்க்கலாம், அல்லது கவிழ்த்துவிடலாம். பெரிய சீட்டுக்குப் பணம். அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் முதல் ஆள், கையில் ராணி. சும்மா விடுகிறீர்கள். எதிராளி ஒரு காசை எடுத்து நடுவில் வைக்கிறார். அவரிடம் இருப்பது ராஜா அல்லது ஜாக்கி, வேறொன்றும் இருக்க வழியில்லை. ராஜா இருந்தால் அவர் எப்போதும் போடுவார். ஜாக்கியோடும் ஒவ்வொரு முறையும் போட்டால் நீங்கள் எப்போதும் பார்க்கலாம், லாபம் உங்களுக்கு. ஜாக்கியோடு ஒருபோதும் போடாவிட்டால் நீங்கள் எப்போதும் கவிழ்க்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. நடுவில் இப்போது மூன்று காசு, பார்க்க உங்களுக்கு ஆகும் செலவு ஒரு காசு. ஜாக்கி வரும் மூன்று தடவையில் ஒரு தடவை மட்டும் அவர் உதார் விட்டால், நீங்கள் பார்த்தாலும் கவிழ்த்தாலும் ஒன்றுதான். அவர் மூக்கு விடைப்பதையோ கை நடுங்குவதையோ கூர்ந்து பார்க்கலாம். ஆனால் அவர் ஆடும் விதத்தில் நீங்கள் பிடித்துக்கொள்ள ஒரு நூல்கூட மிஞ்சாது. மூன்றில் எந்த ஒரு தடவை என்பதை மட்டும் அவர் தன் மனதுக்கு விட்டுவிடக் கூடாது. மனதுக்குப் பழக்கம் உண்டு, பழக்கத்தைப் படித்துவிடலாம். அதனால்தான் போக்கர் ஆட்டக்காரர்களில் சிலர் கைக்கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து இந்த முடிவை எடுக்கிறார்கள்.

பெரிய ஆட்டத்துக்கும் இதே தத்துவம்தான். நடுவில் 1000 ரூபாய் இருக்கிறது, எதிராளி 1000 போடுகிறார். நீங்கள் 1000 கொடுத்து 2000-ஐப் பெறப் பார்க்கிறீர்கள். மூன்றில் ஒரு முறை அவர் உதார் விட்டிருந்தால் உங்களுக்குச் சரிக்குச் சரி. அவர் 500 மட்டும் போட்டால் உங்கள் 500-க்கு எதிரே 1500 நிற்கிறது; நான்கில் ஒரு முறை உதாராக இருந்தாலே போதும். போடும் தொகை பெரிதாகப் பெரிதாக அதற்குள் கூடுதல் உதார் தங்கலாம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அன்று மாடியில் யாரும் இல்லை.

உளவியலாளர்கள் வேறு வாசல் வழியாக வந்தார்கள். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-இல் ஒரு பெருந்தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். பேசுபவர் உண்மை சொல்கிறாரா, பொய் சொல்கிறாரா என்று 24,000-க்கும் மேற்பட்டவர்கள் கணித்த சோதனைகளை அவர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும். மனிதர்களை எடைபோடுவதில் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கும் இந்த 4 சதவீதத்துக்கும் இடையிலான தூரம்தான் சீட்டு மேசையில் பலரின் பணத்தை விழுங்குகிறது.

சீட்டாட்டத்துக்கே நேராகப் பொருந்தும் சோதனை 2013-இல் வந்தது. மைக்கேல் ஸ்லெபியனும் உடன் ஆய்வாளர்களும் 2009 உலக போக்கர் தொடரின் ஒளிப்பதிவுகளிலிருந்து, ஆட்டக்காரர்கள் சிப்ஸை நகர்த்தும் சிறு துண்டுகளை வெட்டி எடுத்தார்கள். மாணவர்களில் சிலருக்கு முகம் மட்டும் தெரிந்தது, சிலருக்குக் கைகள் மட்டும், சிலருக்கு இரண்டும். கையிலிருந்த சீட்டு எவ்வளவு நல்லது என்று கணிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால்கூட இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள். முகம் அவர்களைத் தவறான பக்கம் இழுத்திருந்தது. கைகளை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகக் கணித்தார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவரின் கை தடங்கலில்லாமல் போய்வருகிறது. வேறுபாடு சிறியதுதான், அதை வைத்து யாரும் வீடு கட்டிவிட முடியாது. ஆனாலும் சித்தப்பா அன்று சொன்னதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து கிடைத்த மிக நெருக்கமான சாட்சி இதுதான் என்று நினைக்கிறேன். முகத்தைக் காக்க எல்லாரும் பழகிவிட்டார்கள், கையை யாரும் காப்பதில்லை.

2010-இல் வந்த வேறோர் ஆய்வில், எதிராளியின் முகப்படம் நம்பகமாகத் தோன்றினால் ஆட்டக்காரர்கள் பின்வாங்குவது கூடியது. சீட்டுகள் மாறவில்லை, படம் மட்டுமே மாறியது. சாடை பிடிப்பதில் பேர்போன மைக் கேரோ 1984-இல் எழுதிய நூலின் மையக் கருத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பலமுள்ளவர் பலவீனமாக நடிப்பார், பலவீனமானவர் பலமாக நடிப்பார் என்பார் கேரோ. என் சித்தப்பாவின் பெருமூச்சு அதுவே. இது புதியவர்களிடம் பலிக்கும். இந்த நூலைப் படித்தவரிடம் எதிர்மாறாகப் பலிக்கும். அதையும் அறிந்தவரிடம் மறுபடி திரும்பும். முகச்சாடைக்கு நிலையான அகராதி கிடையாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2003-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த ஒரு கையை மட்டும் நின்று பார்ப்போம். உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி, 839 பேர் கலந்துகொண்டார்கள், முதல் பரிசு 25 லட்சம் டாலர். கடைசி இருவர்: டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹா. மணிமேக்கர் ஆன்லைன் தகுதிப் போட்டி ஒன்றில் ஜெயித்து வந்தவர். அவரிடம் ஸ்பேட் ராஜா, ஆட்டின் ஏழு. ஃபர்ஹாவிடம் ஸ்பேட் ராணி, ஆட்டின் ஒன்பது. இருவருக்கும் பொதுவான சீட்டுகளாக மேசையில் ஒன்பது, இரண்டு, ஆறு விழுந்தன; நான்காவதாக ஸ்பேட் எட்டு வந்தது. இப்போது மேசையில் மூன்று ஸ்பேட். மணிமேக்கருக்கு இன்னொரு ஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே சாதியாகும் ஃபிளஷ், ஐந்தோ பத்தோ வந்தால் ஐந்தும் வரிசையாகும் ஸ்ட்ரெயிட். ஃபர்ஹா பந்தயம் கட்டினார், மணிமேக்கர் ஏற்றினார், ஃபர்ஹா தொடர்ந்தார். கடைசிச் சீட்டு ஆட்டின் மூன்று. மணிமேக்கருக்கு எதுவும் சேரவில்லை. ஒரு ஜோடிகூட இல்லாமல் தன்னிடமிருந்த அத்தனை சிப்ஸையும் நடுவில் தள்ளிவிட்டு, குளிர்கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி, அதுதான் அந்த நேரத்தில் ஜெயிக்கும் கை. ஃபிளஷ் தவறிவிட்டது போலிருக்கிறதே என்று அவர் வாய்விட்டே சொன்னார். சரியாகப் படித்துவிட்டார்! படித்தும் சீட்டைக் கவிழ்த்தார். நான்காவது சீட்டில் வந்த ஏற்றமும் கடைசியில் வந்த முழுத் தள்ளலும் சேர்ந்து பிசிறில்லாத ஒரே கதையைச் சொன்னதே காரணம்: "எட்டு விழுந்தபோதே எனக்குச் சேர்ந்துவிட்டது." நல்ல உதார் என்பது கடைசி நிமிடத் தைரியம் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், உதார் முந்தைய சீட்டிலேயே தொடங்கிவிட்டது தெரியும். மணிமேக்கர் அந்தப் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள், 2006-இல் 8,773 பேர்.

முகமே இல்லாத இடத்திலும் உதார் பலிக்குமா? நார்வேயின் அனெட் ஓப்ரெஸ்டாட் 2007-இல் 180 பேர் ஆடிய ஆன்லைன் போட்டி ஒன்றைத் தன் சீட்டுகளை மறைத்து வைத்துக்கொண்டு ஆடி ஜெயித்தார். ஒரே ஒரு முறைதான் சீட்டைப் பார்த்ததாகச் சொன்னார். யார் எவ்வளவு போடுகிறார், எப்போது தயங்குகிறார், யார் பயந்து ஆடுகிறார் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். நம் ஊர் பிளைண்ட் ஆட்டத்தின் உச்சம் இது. அதே ஆண்டு செப்டம்பரில், 19 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, லண்டனில் நடந்த உலக போக்கர் தொடரின் ஐரோப்பியப் பட்டத்தையும் அவர் வென்றார்.

பிறகு கணினிகள் வந்தன. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் சூதாட்ட விடுதி ஒன்றில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் துவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 கைகள் ஆடி, 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப்ஸ் வித்தியாசத்தில் வென்றது. அதற்குக் கண் இல்லை. எதிராளியின் பலவீனத்தைத் தேடி வேட்டையாடவும் இல்லை. பகலில் அந்த நால்வரும் தன் ஆட்டத்தில் எந்த ஓட்டையைக் குறிவைத்தார்கள் என்று பார்த்து, இரவில் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது. உதார் மட்டும் தாராளமாக விட்டது, பெருந்தொகைகளில் விட்டது. 2019-இல் இதன் தம்பியான புளூரிபஸ் ஆறு பேர் ஆட்டத்திலும் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. பயமோ துணிச்சலோ இல்லாத ஒன்று உலகின் தலைசிறந்தவர்களிடம் உதார் விட்டு ஜெயித்துவிட்டபின், உதாரை மனோதிடத்தின் சோதனையாக மட்டும் பார்க்கும் பழைய பார்வை நிற்காது.

அப்படியானால் எதிராளியைப் படிப்பது வீண்வேலையா? இல்லை. லிப்ராடஸ் போல ஆடுபவர் தோற்காமல் இருப்பார். ஆனால் தப்பாக ஆடும் ஒருவரிடமிருந்து எடுக்கக்கூடிய அத்தனையையும் எடுத்துவிட மாட்டார். ஜாக்கியோடு ஒருபோதும் போடாத ஆள் எதிரே இருந்தால், ராணியை ஒவ்வொரு தடவையும் கவிழ்ப்பதே சரி. அதைத் தெரிந்துகொள்ள அவர் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. கடந்த 30 ஆட்டத்தில் அவர் என்ன காட்டினார் என்று நினைவு வைத்திருந்தால் போதும். ரம்மி ஆடுபவர்களுக்கு இது கைவந்த கலை. எதிராளி எதை எடுத்தார், எதை இறக்கினார், எந்தச் சீட்டைத் தொட்டுவிட்டு விட்டார் என்பதை வைத்து அவர் கையிலுள்ள வரிசையைச் சொல்லிவிடும் பெரியவர்கள் எத்தனையோ பேர். டைமன் எட்டு வேண்டுமென்றால் டைமன் ஒன்பதை முதலில் இறக்கித் தூண்டில் போடுவார்கள். 'இவருக்கு அந்தப் பக்கம் வேண்டாம் போல' என்று எதிராளி எட்டை விடுவார். ரம்மியின் உதார் அது.

ஈழத்தில் ஆடப்படும் முந்நூற்று நாலு இன்னும் நுட்பமானது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கும் 304. நான்கு சீட்டு கைக்கு வந்ததுமே கேள்வி தொடங்கிவிடும். அதிகம் கேட்டவர் துரும்பைத் தேர்ந்து கவிழ்த்து வைப்பார். அதன் பிறகே மீதிச் சீட்டு வரும். துரும்பு எதுவென்று அவருடைய பங்காளிக்கும் தெரியாது. கேட்ட சாதி இல்லாதவர்கள் சீட்டைக் கவிழ்த்துப் போட, அதைத் துரும்புக்காரர் மட்டும் எடுத்துப் பார்ப்பார். எதிரணி இரண்டு பேரும் அவர் எதை விட்டுக்கொடுக்கிறார், எதற்கு இறங்கத் தயங்குகிறார் என்று பார்த்துக் கவிழ்ந்த சீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு தகவலை மறைத்து வைத்து ஆடும் ஆட்டம் நம் மொழிக்காரர்களின் கையில் தலைமுறைகளாக இருக்கிறது. அதன் உத்திகளைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பவர்கள் கூடினால் நன்றாக இருக்கும்.

பிரிட்ஜ் ஆட்டத்தின் விதிகள் இந்த விஷயத்தில் ஓர் அறநெறியையே வகுத்திருக்கின்றன. எதிராளி தயங்கினால் அதிலிருந்து நீங்கள் எதையும் ஊகிக்கலாம், பொறுப்பு உங்களுடையது. வேண்டுமென்றே தயங்கிக் காட்டி ஏமாற்றுவது குற்றம். சீட்டால் பொய் சொல்லலாம், உடம்பால் சொல்லக் கூடாது. பங்காளியின் சாடையைப் பயன்படுத்துவதற்கும் தடை உண்டு. சைகைப் புகார்கள் பெருகியதால், 1975 உலகப் போட்டியில் பங்காளிகள் ஒருவரையொருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். அப்போதும் இரண்டு இத்தாலிய ஆட்டக்காரர்கள் மேசைக்கு அடியில் காலால் தட்டியதாகக் கண்டிக்கப்பட்டார்கள்.

சீட்டாட்டத்தில் ஜெயிப்பது திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்குள் நம் நீதிமன்றங்களும் வந்திருக்கின்றன. 1967-இல் உச்ச நீதிமன்றம், விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி திறமை ஆட்டம் என்றது. மூணு சீட்டை அதிர்ஷ்ட ஆட்டம் என்று தள்ளியது. தமிழ்நாடு அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்க்கப்பட்டதை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. ஆன்லைனில் எதிராளியின் முகம் தெரியாது, அதனால் அங்கே திறமைக்கு இடமில்லை என்ற வாதத்தை இந்த விவாதம் முழுக்கக் கேட்க முடிந்தது. தடையை நான் ஆதரிக்கிறேன். கடன் வாங்கி ஆடிக் குடும்பத்தைத் தொலைத்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆனால் முகம் தெரியாததை அதற்குக் காரணமாகச் சொல்வது பலவீனமான வாதம். திரைக்குப் பின்னால் இருப்பவர் மனிதரா நிரலா என்று ஆடுபவருக்குத் தெரியாது, நள்ளிரவில் எழுந்து போகச் சொல்ல ஜமுக்காளத்தில் ஒரு பெரியவர் இல்லை, தோற்ற பணம் கையில் எடுத்து எண்ணிக் கொடுக்காமலே போய்விடுகிறது. இவைதான் பலமான வாதங்கள்.

இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ராஜா, ராணி, ஜாக்கி மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும். வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து கூன் ஆட்டத்தை 100 முறை ஆடுங்கள், ஒவ்வொரு கையையும் ஒரு தாளில் எழுதுங்கள். இருவருமே பிசகாமல் ஆடினால், முதலில் ஆடுபவருக்கு 18 ஆட்டத்துக்கு ஒரு புளியங்கொட்டை என்ற கணக்கில் குறையும். உங்கள் தாளில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால், ராணி வந்தபோதெல்லாம் என்ன செய்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.